நான்காம் இடம்

குளிர்பதனக் கிடங்கின் சரித்திரத்தில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க பிரகடனம் ஒன்றை இயக்குநர் அன்று காலை வெளியிட்டார்: "இனிமே நம்ம திரையில ஓட்டையே இருக்கக் கூடாது!"

ஓட்டை என்று அவர் திருவாய் மலர்ந்தது, வெப்பநிலை வரைபடத்தில் நான்காம் அறைக்கு நேரே விழும் இடைவெளியை. ஒன்பது அறைகள். அறைக்கொரு கருவி, சூட்டைச் சொல்வதும் கதவைப் பூட்டிக் குளிரூட்டுவதும் அதுவே. நான்காம் அறையை மட்டும் என்றோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

நிரல் எழுதுகிறவள் அடித்தளத்துக்கு இறங்கினாள். ஈரச் சாக்கு வாடை. சுவருக்குள் எங்கோ மோட்டார் முனகியது. அவள் கணவன்தான் அங்கே மெக்கானிக். ஐந்தாம் அறையில் விசிறி மாற்றப் போய்க்கொண்டிருந்தான்.

"அஞ்சைத் தொடாதே தாயே. உன் ப்ரோகிராம் என்னையும் மீனோட மீனா உறைய வெச்சிடப் போகுது."

"அப்படியாவது ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க."

கணினியில் அறைகள் நிற்கும் வரிசையில் ஐந்தாவதை விட்டுவிட்டு மற்றவற்றைக் குளிரூட்டச் சொன்னாள். பிறகு காலி இடங்களை நீக்கும் வரியைச் சேர்த்தாள். அதில் ஒரு விசித்திரம் உண்டு. 'நீ காலியா?' என்று கேட்டால் சரியான பதில் வராது. ஒவ்வோர் இடத்திடமும் 'நீ நீதானா?' என்று கேட்க வேண்டும். அளவே இல்லாத இடம் கணினிக்குத் தனக்கே சமமில்லை; 'இல்லை' என்பதே காலி.

நான்காம் இடம் 'இல்லை' என்றது. நீக்கினாள்.

இன்டர்காம் கரகரத்தது.

"ஏய்... கதவு பூட்டிக்கிச்சு. குளிருது."

திரையில் ஐந்தாம் இடம் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவள் வரிசையை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். வரிசையில் ஒருவரை உருவினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஓரடி முன்னே வந்துவிடுவார்கள். ஐந்தாம் இடத்தில் இப்போது நிற்பது ஆறாம் அறை. அவன் இருக்கும் அறை நான்காம் இடத்துக்கு நகர்ந்து உறைந்துகொண்டிருந்தது.

அந்த வரியை அழித்தாள். திரை அசையவில்லை.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். கைப்பிடி தீயாகச் சுட்டது, அவ்வளவு குளிர்.

திரும்பி ஓடிவந்தபோது இன்டர்காமில் அவன் கிசுகிசுத்தான். "பக்கத்து ரூம்ல யாரு? சுவத்தைத் தட்டுறாங்க."

"அங்கே யாரும் இல்லைங்க."

"பேசுறாங்க."

"என்னன்னு?"

பற்கள் தந்தியடிக்கும் ஓசை. அதற்கு நடுவே பதில்.

"'தள்ளிப் போ. இது என் இடம்'னு."

அவள் விரல் படாமலே எண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

நான்காம் இடம் காலியானது.

ஐந்தாம் அறையின் கதவு திறந்தது.

புருவமெல்லாம் உறைபனியோடு அவன் வெளியே வந்து விழுந்தான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதவள், அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். காலி இடத்தில் மெல்ல ஓர் எண் எழுந்தது. முப்பத்தேழு டிகிரி.

உயிருள்ள உடம்பின் சூடு.

இயக்குநர் வந்து பார்த்தார். நான்காம் அறை ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று கடிந்துகொண்டு, உடனே குளிரூட்ட உத்தரவிட்டார்.