இருபது நிமிஷத்தில் சரியாகிவிடும்

மகளின் முகத்தில் இடது பாதி காணாமல் போனபோது தையல்காரி பதறவில்லை. பதறுவதற்கு என்ன இருக்கிறது? பதினைந்து வருஷமாக அவளுடைய ஒற்றைத் தலைவலி இப்படிச் சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் பார்வையில் ஓர் ஓட்டை விழும், அதன் ஓரத்தில் ஒளி நெளியும், இருபது நிமிஷத்தில் ஓட்டை மூடிக்கொள்ளும், அப்புறம் மண்டை பிளக்கும். கையெட்டும் தூரத்தில் கிடந்த கத்தரிக்கோலை இந்தக் கண்ணோடு வீடு முழுக்கத் தேடிய நாளும் உண்டு.

எதிரே எட்டு வயது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் அந்த ஒளி இமைக்குள் நெளிய வேண்டும். நெளியவில்லை. வெறும் இருட்டு.

போன வாரம்தான் நரம்பு டாக்டர் அவளை நேர்கோட்டில் நடக்கவிட்டு, விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். விரல் இரண்டு தடவை தப்பிக் கன்னத்தில் பட்டது. "ஒத்தத் தலைவலிக்காரங்களுக்கு இப்படிச் சின்னச் சின்ன தடுமாற்றம் இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார். இதுவும் அந்த வகைதான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு மாதிரி இருக்கும்மா."

"கத்தாதடி, தலை வலிக்கப்போகுது. இருபது நிமிஷம் பொறுத்துக்கோ, தங்கம்."

மாத்திரையை விழுங்கிவிட்டுப் பக்கத்து அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தாள். திரையின் ஓரத்தில் கசிந்த வெயில், தையல் மெஷினின் எண்ணெய் வாசனை, புதுத்துணியின் கஞ்சி நெடி, தாளில் பென்சில் உரசும் ஓசை, நடுநடுவே மகள் மூன்று முறை கூப்பிட்ட குரல், எல்லாம் சேர்ந்து அவளைக் குத்தின. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்புறம் பென்சில் ஓசை நின்றது.

தலைவலி வரவேயில்லை.

எழுந்து வந்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கண்ணெதிரே பிடித்தாள். ஓட்டை மூடிவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பாள். எல்லா எண்ணும் முழுசாகத் தெரிந்தது. சுவர் முழுசு. கதவு முழுசு. மேசை முழுசு.

மகளுக்குப் பாதி முகம்தான் இருந்தது. மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை.

பார்வையைத் திருப்பினாள். ஓட்டை கண்ணோடு சேர்ந்து நகரவில்லை. மகள் தலையை அசைத்தாள். ஓட்டையும் அசைந்தது.

ஓட்டை என் கண்ணில் இல்லை. ஐயோ, குழந்தை கூப்பிட்டாளே! மூணு தடவை கூப்பிட்டாளே!

"அம்மா" என்றது பாதி வாய். "இருபது நிமிஷம் ஆச்சா?"

கன்னத்தைத் தொடக் கை நீட்டினாள். கன்னம் இல்லை. கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. சில்லென்றிருந்தது. உள்ளேயிருந்து சின்ன விரல்கள் அவள் கையை இறுகப் பற்றின.

மகளின் இரண்டு கைகளும் நோட்டின்மேல் இருந்தன.