இடது குழாயில் ஒரு துணி

வெள்ளிக்கிழமை, காலை 9.40.

மஸ்கட்டுக்கு வெளியே, மலையடிவாரத்துப் பந்தயத் தடம். கடைசி வளைவில் திரும்ப வேண்டிய சிவப்புக் கார் திரும்பவில்லை. மூக்கால் மணலை உழுது, டயர் சுவரில் மோதி நின்றது.

முஹன்னத் நொண்டிக்கொண்டே இறங்கினான். காரின் சொந்தக்காரன்.

"பிரேக் பெடல் தரைக்குப் போயிடுச்சு! என்னைக் கொல்லப் பாத்திருக்கான்!"

அவன் விரல் நீண்ட திசையில் கல்ஃபான். அவனுடைய மெக்கானிக்.

ஆதாரத்தையும் முஹன்னத்தே காட்டினான். பம்பரில் இரண்டு வாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் முன்சக்கர டிஸ்க்குக்குக் காற்றைக் கொண்டுபோகும். இடது வாயில் கல்ஃபானின் நீலத் துடைதுணி திணிக்கப்பட்டிருந்தது. காற்று போகவில்லை, பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. கொலை முயற்சி!

போலீஸ் ஜீப் வந்தது. கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான்.

"அதை உள்ள வை தம்பி."

போலீஸ் கேப்டன் ஷம்சா. விடுமுறையில் தன் குட்டிக் காரை ஓட்ட வந்தவள், ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டே வந்து நின்றாள். தடத்தில் அவளை முந்துவது கஷ்டம். விசாரணையில் அதைவிடக் கஷ்டம்.

"கல்ஃபான், ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"திட்டினேன் கேப்டன். வண்டியை ஆறவிடாம நிறுத்தறான். இன்னொரு தடவை மாட்டினா இந்த சீசன் முழுக்கத் தடைன்னு கிளப்ல சொல்லியாச்சு."

"குழாய் உன் வேலையா?"

"ஆமா. டிஸ்க்கைக் கவ்வற பேட்டுக்குப் பின்னாடி சூடு தடுக்கற தகடும் வச்சேன். ஆயிலும் புதுசு."

ஷம்சா குனிந்து பார்த்தாள். குழாய் எங்கும் நசுங்காமல் வளைந்து, டிஸ்க்கின் நடுவைக் குறிபார்த்து நின்றது.

"அடேயப்பா, சிற்பம் மாதிரி இருக்கு!" என்றவள் திரும்பினாள். "முஹன்னத், வேகமா ஓட்டினப்புறம் ஆறவைக்கிற சுத்து ஓட்டினீங்களா?"

"ஓட்டினேனே. பிரேக்கைத் தொடாம, மெதுவா. அப்புறம்தான் வண்டி நிறுத்தற பிட்ல கொஞ்சம் நின்னுட்டுத் திரும்பப் போனேன்."

"நிக்கறப்போ பிரேக்ல கால்?"

"சேச்சே! கியர்ல போட்டு நிறுத்தினேன். இது குழந்தைக்கும் தெரியுமே."

"மோதினதும் கார் பக்கத்துல யார் இருந்தா?"

"நான்தான். இந்த மகராசன் வண்டியை இழுக்கக் கயிறு எடுக்கப் போனான்."

ஷம்சா துணியை உருவினாள். பின்னாலேயே குழாயிலிருந்து மணல் அவள் பூட்ஸில் கொட்டியது. யாரும் கவனிக்கவில்லை, அங்கே எல்லார் மேலும் மணல்தான். பிறகு முன்சக்கரங்களைக் கழற்றச் சொன்னாள். சூட்டில் இரண்டு டிஸ்க்கும் ஒரே மாதிரி நீலம் பாரித்திருந்தன. இரண்டிலும் பேட் அளவுக்கு ஒரு கறுப்பு அச்சு.

"துணி ரொம்ப சுத்தம் முஹன்னத்."

"அதுக்கென்ன?"

"கார் மூக்கால மணலை அள்ளியிருக்கு. துணி அப்பவே இருந்திருந்தா மணல் துணிக்கு முன்னாடி நின்னிருக்கும். எனக்குக் கொட்டினது துணிக்குப் பின்னாடி இருந்த மணல், இந்த ஓரத்துச் சரளையோட. அப்ப மணல் முதல்ல போச்சு, துணி அப்புறம் போச்சு. மோதினப்புறம் கார் பக்கத்துல நின்னவர் நீங்க ஒருத்தர்தான்."

ஷம்சா டிஸ்க்குகளைச் சுட்டிக்காட்டினாள்.

"இடது அடைஞ்சு ஓடியிருந்தா இடது மட்டும் அதிகமா வெந்திருக்கும். ரெண்டும் ஒண்ணா வெந்திருக்கு. இந்த அச்சு? டிஸ்க் கொதிக்கறப்போ பிரேக்கை மிதிச்சுக்கிட்டே நின்னா பேட் அப்படியே பதியும். நின்ன கார்ல குழாய்க்குக் காத்து ஏது? சூடு முழுக்க ஆயிலுக்கு ஏறிடுச்சு. ஆறவைக்காம, வேகத்தோட நேரா பிட்டுக்கு வந்து மிதிச்சுக்கிட்டே நின்னீங்க. எதுக்கு?"

"...பசங்க வீடியோ எடுத்தாங்க."

"தடைக்குப் பயந்து ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்க. தம்பி, இப்ப எடு விலங்கை."

ஜீப் முஹன்னத்தோடு கிளம்பியது. கல்ஃபான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஷம்சா அவனெதிரே குந்தினாள்.

"என் வண்டிக்கும் இப்படிக் குழாய் போட்டுத் தருவியா?"

"போடறேன் கேப்டன். ஆனா ஆறவைக்கிற சுத்தை நீங்க ஓட்டணும். இல்லேன்னா உங்களையும் திட்டுவேன்."

"திட்டு," என்றாள் ஷம்சா, கார் சாவியை அவன் கையில் வைத்தபடி.