பக்கத்து இருக்கையின் கால்

யாரும் மிதிக்காமலே கிளட்ச் பெடல் கீழே இறங்கியது.

மதியச் சாப்பாடு முடிந்து, வண்டியைத் துடைக்கலாம் என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவள் அதைக் கண்ணாரப் பார்த்தாள். ஷெட்டின் தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பெடல், அவசரமே இல்லாத ஒரு கால் அழுத்துவதுபோல மெல்ல மெல்லத் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. குனிந்து கையால் மேலே இழுத்துவிட்டாள். மறுபடியும் இறங்கியது.

"கிளட்ச் ஆயில் குழாய்ல காத்து புகுந்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. முன்பெல்லாம் அதில் இரண்டு கிளட்ச், இரண்டு பிரேக். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் அவள் கணவரை ஊரே மாஸ்டர் என்றது. அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவளைத் தானாக ஓட்ட விட்டதில்லை அவர். அவள் கால் அசையும் முன்பே அவர் கால் அங்கே மிதித்துவிடும். "உன் காலை நம்பி உசுரை வைக்க முடியுமா?" என்பார், சிரித்துக்கொண்டே. நாலு மாசத்துக்கு முன்பு மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் அவள் அந்தப் பக்கத்துப் பெடல்களைத் தன் கையாலேயே கழற்றி இரும்புக்கடையில் போட்டாள். பிறகு, கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் வாங்கினாள். நாளைக் காலையில் முதல் வகுப்பு, மூன்று பெண்கள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"வண்டிய விட்டுட்டுப் போங்கக்கா, மூணு நாள் ஆகும். இதெல்லாம் வீட்ல வெச்சுப் பாக்குற வேலையில்ல."

"அப்படியா? பாத்துட்டுச் சொல்றேன்," என்று வைத்தாள்.

பானெட்டைத் தூக்கினாள். கிளட்சுக்கும் சேர்த்து இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்தது. பெடலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினாள், கீழே விரித்திருந்த ரப்பர் மிதியடியில் ஈரமில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டு கொடுத்து, அடியில் படுத்து, கியர்பாக்ஸ் பக்கத்துச் சின்ன சிலிண்டரின் ரப்பரைப் பிதுக்கிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஒழுக்கு எங்கேயும் இல்லை. அப்படியென்றால் காற்றேதான்.

மிதிக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து அக்காவைக் கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தாள். அக்கா தையல்காரி.

"நான் 'மிதி'ன்னா மிதி. 'விடு'ன்னா பெடலைக் கையால தூக்கிவிடு. மேல இருக்குற மாஸ்டர் சிலிண்டர்லேருந்து காத்து கீழ வரணும்."

"அதுக்கும் மாஸ்டர்னுதான் பேரா? சரிதான். அழுத்துறதுதானே அதோட வேலை!" என்று அக்கா சிரித்தாள். "என் கால் மெஷின் கால்டி, தாளம் தப்பாது."

மறுபடி அடியில் படுத்து, சின்ன சிலிண்டரில் காற்றை வெளியேவிடும் திருகான நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் சொருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டாள்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

ஸ்பேனரால் நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறந்தாள். குழாயில் நுரை சீறியது. மூடினாள். "விடு." டப்பாவில் ஆயில் குறையக் குறைய, எழுந்து போய் ஊற்றிவிட்டு வந்து மறுபடி படுத்தாள். மிதி, மிதிச்சாச்சு, விடு. ஏழெட்டு முறை போனது. குமிழி குறையவே இல்லை. அதோடு, அந்த ஆயிலின் நெடியைத் தாண்டி இன்னொரு வாசனை அவள் முகத்தில் இறங்கியது. மாஸ்டர் தினமும் முழங்காலில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் காரமான வாசனை.

"மிதி."

குழாய் நிறைந்தது. மூடினாள். அடுத்த முறை அவள் சொல்வதற்கு முன்பே பெடல் இறங்கும் கிறீச்சிடல் கேட்டது.

"அவசரப்படாதக்கா."

'மிதிச்சாச்சு' என்ற குரல் எப்போது நின்றது என்று அப்போதுதான் யோசித்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே, வீட்டுக்குள் சமையலறைப் பக்கமிருந்து, அக்கா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. ஜாக்கெட் அளவு. கை நீளம். நன்றாகவே கேட்டது.

தலைக்கு மேலே, பெடல் ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஸ்பேனர் கை நழுவித் தரையில் விழுந்தது. வெளியே உருண்டு ஓடிவிடலாம். மூன்றடிதான். ஓடினால் நாளைக் காலையில் வண்டி இல்லை. என்றைக்குமே இருக்காது.

ஸ்பேனரைத் தேடி எடுத்தாள்.

"பதினோரு வருஷம் நீங்க மிதிச்சீங்க, நான் சும்மா உக்காந்திருந்தேன்," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "இன்னைக்கு நான் சொல்றப்ப மிதிங்க. மிதி!"

ஒன்றும் அசையவில்லை.

"மிதிங்கிறேன்ல!"

கிறீச்.

திறந்தாள். கறுப்பாக வந்தது. மூடினாள். "விடு." விட்டது. "மிதி." மிதித்தது. பத்து. பதினைந்து. எழுந்து போய் டப்பாவை நிரப்பும்போதெல்லாம் வண்டிக்குள்ளே பார்க்கவில்லை. குமிழி சிறுத்தது. கடுகளவானது. நின்றது. தேன் நிறத்தில், கோடு போட்டதுபோல் ஆயில் வந்தது. நிப்பிளை இறுக்கினாள், இருந்த பலம் அத்தனையும் போட்டு.

ஜாக்கியை இறக்கும்போது அக்கா வந்தாள்.

"கஸ்டமர் போன்டி, சொன்னேனே, காதுல விழலையா? அதுக்குள்ள முடிச்சிட்டியா? யார் மிதிச்சா?"

"மிதிக்க வேண்டியவர் மிதிச்சார். ஷட்டரைத் தூக்கு."

சிரிக்க வாயைத் திறந்த அக்கா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் ஷட்டரைத் தூக்கினாள்.

அவள் உட்கார்ந்து கிளட்சை அழுத்தினாள். கெட்டியாக, உயிரோடு எதிர்த்து நின்றது. வண்டியைக் கிளப்பினாள். முதல் கியர் வெண்ணெயாக விழுந்தது.

பக்கத்து இருக்கையின் மெத்தை அமுங்கியது.

அவள் திரும்பவில்லை. ஓரக்கண்ணில், அந்தப் பக்கத்து வெறும் மிதியடியில் இரண்டு குழிகள் தெரிந்தன. குதிகால். விரல்கள். இல்லாத பெடலை அவை மிதித்தன. வேகமாக. இன்னும் வேகமாக. பிறகு ஒன்று மறைந்தது.

அவள் கால்மேல் ஒரு கால் வந்து அமர்ந்தது.

வெறுங்கால். ஐஸ்கட்டிபோல. கிளட்சை மேலே விடாமல் தரையோடு தரையாக அழுத்தியது. எலும்பு நெரிந்தது. பல்லைக் கடித்தாள். அந்தக் கனத்தையும் சேர்த்து, ஒரு நூல் ஒரு நூலாக, காலைத் தூக்கினாள்.

வண்டி மழைக்குள் நகர்ந்தது.

அவள் கால்விரல்களுக்கு நடுவே, நகம் வளர்ந்த ஐந்து விரல்கள் ஒவ்வொன்றாக நுழைந்து மடங்கி, இறுகப் பற்றிக்கொண்டன.