ஒன்பது நாள் ஏறாத ஆறு

"ஏங்க! சாகறதுன்னா வேற படிக்கட்டு பாருங்க!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். கொட்டுகிற மழை. ஆற்றுக்குள் இறங்கும் பாசிப்படியில் அவள். மேலே, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன்...

"சாக வரல. தண்ணி மட்டம் காட்டுற அளவுக்கம்பைப் பார்க்க வந்தேன்."

"அதுக்குத்தான் சம்பளம் குடுத்து என்னை வெச்சிருக்காங்க. வழுக்கி விழுந்தா உங்களால ஏறுற தண்ணியையும் நான்தான் எழுதணும்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. மூட்டையை இறக்கின பிறகும் நிமிராத தோள் மாதிரி அந்தக் கண்கள்... அவற்றை விட்டு அவளால் பார்வையை எடுக்க முடியவில்லை.

கண்டம் முழுக்க ஓடும் ஆறுகளில் போன அறுபது வருஷமும் எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று, பெய்த மழையை வைத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலை. போட்ட கணக்கு சரியா என்று பார்க்க, தினமும் கரைக்கு வந்து எழுதியவர்களின் பதிவேடு வேண்டும். இங்கே முப்பது வருஷம் எழுதியவர் அவன் அப்பா. நாலு வருஷத்துக்கு முன்னால் அவரை ஆறு கொண்டுபோய்விட்டது. இப்போது அவன் எழுதுகிறான்.

பதிவேடுகளைப் படம் எடுக்கத் தினமும் அவன் கொட்டகைக்கு வந்தாள்.

"கம்ப்யூட்டரம்மா, நாளைக்கு மழை வருமா?"

"எனக்குப் பெஞ்ச மழைதான் தெரியும்."

"அது எங்க வீட்டு ஓட்டைக்கூரைக்கே தெரியுமே!"

இந்தப் பேச்சுக்காகவே சீக்கிரம் வர ஆரம்பித்தாள்...

நாலாம் நாள் அது கண்ணில் பட்டது. அப்பாவின் கடைசிப் பதிவேடு. கடைசி ஒன்பது நாளும், அதற்கு முந்தின நாளின் அதே எண், இரண்டு மீட்டர் பத்து சென்டி. அவள் கணக்கிலோ அந்த நாட்களில் ஏழு மீட்டர் வெள்ளம்.

"உங்கப்பா கரைக்கே போகாம எழுதியிருக்காரு."

அவன் முகம் கல்லானது. "காய்ச்சல்லகூட தவழ்ந்து போய்ப் பார்த்தவரு அவரு. உங்க பெட்டிதான் பொய் சொல்லுது. எந்திரிச்சுப் போங்க!"

போனாள். ஒருவர் எழுதியதில் பொய் தெரிந்தால் அவர் எழுதியது எல்லாமே தள்ளுபடி. அதுதான் விதி. முப்பது வருஷம், மழையிலும் வெயிலிலும் ஒரு மனுஷன் இறங்கி ஏறிய படிகள்... அத்தனையையும் அடிக்கப்போவது தன் கை. தெருவென்றும் பாராமல் அழுதாள்.

மறுநாள் அவன் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தான்.

"அந்த ஒன்பது நாள் அப்பா எழுதல. நான் எழுதினேன். அவர் கையெழுத்து மாதிரியே."

"ஏன்...?"

"முதல் நாளே போயிட்டாரு. கம்பைப் பார்க்க இறங்கினவரு. ஒன்பது நாள் கழிச்சுத்தான் உடம்பு கிடைச்சுது. கிடைச்ச நாளைத்தான் செத்த நாள்னு ஆபீஸ்ல எழுதினாங்க. முந்தின நாள் அவர் எழுதின எண்ணையே எழுதினேன்... ஆறு ஏறலன்னு. ஏறலன்னா அவரு போயிருக்க மாட்டாருல்ல?"

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"என் நாலு வருஷத்தையும் அடிச்சிடுங்க. அவரோடத விட்டுடுங்க."

"இதை எழுதினா உங்க வேலை போயிடும்."

"தெரியும்."

பேனாவைத் திறந்தாள். கை ஓடவில்லை.

"ஒண்ணு சொல்லிடறேன்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. எழுதி முடிச்சுச் சொன்னா பரிதாபம்னு நினைப்பீங்க. அதான் இப்பவே..."

"முதல்ல எழுதுங்க" என்றான்.

எழுதினாள். ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பேனாவை வாங்க நீட்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும்தான்..."

இருவரும் சிரிக்கவில்லை. கீழே ஆறு போய்க்கொண்டிருந்தது. நாளை அதைப் பார்த்து எழுத ஆள் இல்லை.