எங்கேயும் வரமாட்டேன்

"யாரக் கேட்டு என் வீட்டுச் சாவிய எடுத்தீங்க?"

மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடையின் தகரக் கூரைக்கு அடியில் நின்றிருந்த அந்த நெட்டை மனிதர், தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு, சொட்டச் சொட்ட நனைந்து நின்ற அவளைப் பார்த்தார்.

"நீங்கதானே குடுத்தீங்க?"

"நானா? முன்னபின்ன தெரியாத ஆளுகிட்ட சாவி குடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

"அதத்தான் நானும் மத்தியானத்துலேர்ந்து யோசிச்சிட்டு நிக்கிறேன்."

குரல் இடி மாதிரி இருந்தது. கோபம் இல்லை. பேச்சே அப்படித்தான் போல.

கடைக்காரி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "மேடம், சண்ட போடாதீங்க. நானே பார்த்தேன். மாடியிலேர்ந்து இறங்கி வந்தீங்க. இவர் பாட்டுக்குக் கவுண்டர்ல சாஞ்சு நின்னுட்டு இருந்தாரு. கையில சாவிய வெச்சீங்க. 'சாயந்தரம் வந்துருவேன், ரூமப் பெருக்கச் சொல்லிடுங்க'ன்னீங்க. போயே போயிட்டீங்க."

அவளுக்குக் காது மடல் சுட்டது.

"கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேங்க. தெருவே திரும்பிப் பார்த்துச்சு. நீங்க பார்க்கல."

"சரி, இந்தக் கடையில குடுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"எனக்கு எதுக்கு மேடம் வம்பு? நான் வாங்கமாட்டேன்னுட்டேன்," என்றாள் கடைக்காரி.

அவர் சாவியை நீட்டினார். "ஒருத்தங்க நம்பிக் குடுத்துட்டுப் போறாங்க. தப்பான ஆளுகிட்டதான்... ஆனாலும் நம்பிக்கை நம்பிக்கைதானே? அதான் நின்னேன்."

அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தாள். இமை கனத்த, தூக்கம் மிச்சமிருக்கிற கண்கள். சிரிக்கும்போது காணாமலே போய்விடுகிற கண்கள்...

'சே... அறுபது வயசுல எதைப் பார்க்கிறேன் நான்?'

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கண்கள் வேறு ரகம். ஒரு பொருளின் மேல் விழுந்தால் அசையாது. தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண்கள்.

"மேல வாங்க. ஒரு டீ போடறேன்," என்றாள். மன்னிப்பு என்கிற வார்த்தை அவளுக்குச் சுலபமாக வராது.

அவள் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடை கடையாக ஏறி, தராசு சரியா, படிக்கல் சரியா என்று சோதித்து முத்திரை குத்துகிற வேலை. அலுவலகத்தில் அவள் பெயரே தராசுதான். மாதத்தில் பாதி நாள் வெளியூர். லாட்ஜ் அறை, லாட்ஜ் சோப்பு, யார் யாரோ தலை வைத்த தலையணை. காலையில் படியிறங்கியதும் கீழே மேஜைக்குப் பின்னால் நிற்கிறவனிடம் சாவியை நீட்ட வேண்டும். அதுதான் பழக்கம். அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். அவள் கை இன்னும் பெறவில்லை.

இதை அவள் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. டீ கிளாஸை மேஜை ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தி வைத்தார். அவளுடையதையும் நகர்த்தினார். பேனா, கண்ணாடிக் கூடு, எல்லாவற்றையும்.

"என்ன பண்றீங்க?"

"கப்பல் ஆடினா விழுந்துரும்..." சொல்லிவிட்டுத்தான் உணர்ந்தார். "மன்னிக்கணும். எனக்கும் கை ரிட்டயர் ஆகல."

அவர் கப்பலில் இயந்திர அறைப் பொறியாளராக இருந்தவர். அவளுக்குக் கணவர் இல்லாத மாதிரியே அவருக்கும் மனைவி இல்லை. மகன் வெளிநாட்டில். வீடு இரண்டு தெரு தள்ளி. இந்தத் தெருவில் அவருக்குப் பெயர் கப்பல்காரர்.

"அப்ப உலகத்தையே சுத்தியிருப்பீங்க."

"உலகம்தாங்க என்னச் சுத்திச்சு. நான் பாட்டுக்குக் கீழ மெஷின் பக்கத்துல இருந்தேன். ஜன்னலே கிடையாது. துறைமுகம் வந்துருச்சுன்னு மேலேர்ந்து சொல்வானுங்க. சரிம்பேன்."

"இப்பப் பார்க்கணும்னு தோணலையா?" அவளுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. எல்லோரும் அவளைக் கேட்கிற கேள்வி. ஆள் எப்படி என்று எடை போடத்தான் கேட்டாள்.

"தோணுச்சு. போன வருஷம் பையன் கூட்டிட்டுப் போனான். பெரிய கோபுரம். ஜனங்க அண்ணாந்து பார்த்துட்டு நிக்குது. நானும் அண்ணாந்தேன்... வீட்ல தண்ணி மோட்டார அணைச்சேனா இல்லையான்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

அவள் சிரித்தாள். வாய்விட்டு. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

அதற்குப் பிறகு அவர் மாலை நாலு மணிக்கு வர ஆரம்பித்தார். வந்து என்ன செய்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நுழையும். அலமாரிக் கண்ணாடியில் பட்டு, எதிர்ச் சுவரில் கைக்குட்டை அளவு வெளிச்சமாக நடுங்கும். கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, விட்டத்தைத் தொட்டு, இல்லாமல் போகும். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்தும் அவளுக்கு இது தெரியாது. நாலு மணிக்கு அவள் வீட்டில் இருந்ததே இல்லை.

"இதப் பார்க்க நான் வேற எங்க போகணும்?" என்பாள்.

"எங்கயும் போக வேணாம்," என்பார் அவர். இரண்டு பேரும் சுவரைப் பார்ப்பார்கள். நடுநடுவே ஒருவரை ஒருவர்... மற்றவர் பார்க்காதபோது.

ஊருக்கு இது பொறுக்குமா? கூட வேலை பார்த்தவர்கள் அருவி முன்னாலும் பனி முன்னாலும் நின்று போட்டோ அனுப்பினார்கள். 'ரிட்டயர் ஆயாச்சு, இன்னும் என்ன வீட்டுக்குள்ள? வாழ்க்கைய அனுபவிக்க வேணாமா?' அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "அனுபவிச்சிட்டுத்தான் இருக்கேன். உட்கார்ந்து."

மகளிடம் மட்டும் அந்தப் பதில் செல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தாள் மகள். உள்ளே நுழையும்போதே முகம் உர்ரென்று இருந்தது. "ஏம்மா, டூர் போலாம்னு நாலு தடவ கேட்டாச்சு. நாலு தடவயும் முடியாதுன்னுட்டீங்க. இப்படியே அடைஞ்சு கெடந்தா உடம்பு என்னத்துக்காகும்?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மட்டும் ஊர் ஊராப் போனீங்க. பெரியம்மா வீட்ல என்ன விட்டுட்டு. இப்ப நான் கூப்பிட்டா வரமாட்டீங்க. அப்படித்தானே?"

கப்பல்காரர் நைசாக எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

அவள் மகளை எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள். "ஆமா. விட்டுட்டுப் போனேன். நீ ஸ்கூல் விட்டு வரும்போது கதவத் தொறக்க நான் இல்ல. அதனாலதான் சொல்றேன்... இப்ப நீ எப்ப வேணா வா. சொல்லாமக் கொள்ளாம வா. கதவத் தட்டு. நான் இருப்பேன். அத விட்டுட்டு எந்த அருவிய உன்கூட வந்து பார்க்கச் சொல்ற?"

மகள் மூக்கை உறிஞ்சினாள். சமாதானம் ஆன மாதிரிதான் இருந்தது. ஆனால் தராசு பெற்ற பெண் லேசில் விடுவாளா? போகும்போது, வழியனுப்ப வந்த அவரைப் படியில் மடக்கினாள். "சார், நீங்க கூப்பிட்டா வருவாங்க. எனக்குத் தெரியும். அவங்க உங்களப் பார்க்கிறதப் பார்த்தேன். எங்கயாவது கூட்டிட்டுப் போங்க சார். உங்களுக்கும் அவங்களுக்கும் நல்லது."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் மனிதர் கெட்டார்.

அடுத்த மூன்றாம் நாள் வந்தவர், உட்காரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை. கையில் இரண்டு ரயில் டிக்கெட்.

"மலை... ஏரியெல்லாம் இருக்காம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி. ரெண்டு பேருக்கும் எடுத்துட்டேன்."

அவள் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். அசையாத பார்வை.

"நீங்களுமா?"

"இல்லங்க, ஒரு மாத்தத்துக்கு..."

"எனக்கு எதுக்கு மாத்தம்? நான் என்ன பழுதாப் போயா கெடக்கேன்? ரிப்பேர் பண்ண வந்தீங்களா என்ஜினியர் சார்?"

"நல்லதுக்குத்தானே சொல்றேன்..."

"இந்த ஊர்ல எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் எதுவும் சொல்லாம உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்கு இங்க போரடிச்சிருச்சுன்னா நேரா சொல்லுங்க. எங்கயும் வரமாட்டேன். உங்ககூட மட்டுமில்ல, யார் கூடவும்."

அவருக்கும் ரோஷம் இருந்தது. "வராட்டிப் போங்க. நான் தனியாவே போயிக்கிறேன்!" இடிக்குரல் தெருவுக்கே கேட்டது.

"தாராளமா. போட்டோ அனுப்புங்க."

கதவைச் சாத்தினாள். அறைந்தாள் என்று சொல்வதுதான் சரி.

மறுநாள் நாலு மணிக்கு வெயில் வந்தது. சுவரில் நடுங்கியது. ஏறியது. போனது. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. தனியாக இருப்பது அவளுக்குப் புதிதல்ல. தனிமைக்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை அவள். ஆனால் அன்று என்னவோ... அதே ஜன்னல், அதே அலமாரி, வீடு மட்டும் லாட்ஜ் அறை மாதிரி இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. வாழ்நாள் முழுக்கத் தவணையாகத் தள்ளிப் போட்டு, இப்போதுதான் கைக்கு வந்த வீடு. அதை ஒரு மனுஷன் போகிறபோது பாதி கழற்றிக்கொண்டு போய்விட்டானா?

'போகட்டும். ஏரியைப் பார்க்கட்டும். சளி பிடிக்கட்டும்.'

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி மழை. அவள் குடையை எடுத்தாள். வைத்தாள். எடுத்தாள்.

"எங்க மேடம், இந்த மழையில?" என்றாள் கடைக்காரி.

"எங்கயும் இல்ல," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். தடுக்கப் போகிறாளா, திட்டப் போகிறாளா... அவளுக்கே தெரியாது. இரண்டு தெரு. அவள் போன தூரங்களில் இதுதான் மிக நீளமாக இருந்தது. தூரத்தில் ரயில் ஊதியது. கால் நின்றது. 'போயாச்சு.' திரும்பலாம். திரும்பவில்லை. பூட்டிய கதவையாவது பார்த்துத் திட்டிவிட்டு வரலாம் என்று நடந்தாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே, ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு கொண்டி. கோப்பைகள் ஒவ்வொன்றும் கொக்கியில். எதுவும் விழ முடியாத வீடு. நடுவில் கட்டிலின் மேல் அவர். காலில் பாலிஷ் போட்ட ஷூ. மடியில் பை. கீழே விழுந்துவிடப் போகிறவர் மாதிரி கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி போயிருச்சு," என்றாள் வாசலில் நின்று.

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

"ஷூ போட்டேன். எழுந்திரிக்கலாம்னு பார்த்தேன். காலையிலேர்ந்து பார்க்கிறேன்... கால் வரல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கோபத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க முடியாது. "போக இஷ்டமில்லாத மனுஷன் எதுக்கு டிக்கெட் எடுக்கணும்?"

அவர் ஷூவைப் பார்த்துப் பேசினார். "உங்க பொண்ணு கேட்டாங்க. கேட்டதும் எனக்கு ஒரு பயம் வந்துருச்சு. உங்களுக்குக் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு? ஊரெல்லாம் பொம்பளைங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போறான், கடலுக்குக் கூட்டிட்டுப் போறான். வாங்க, சும்மா உட்கார்ந்திருக்கலாம்னு எந்த ஆம்பளையாவது கூப்பிடுவானா? கேட்கவே கேவலமா இல்ல?"

"நீங்க கூப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"கூப்பிடுங்க."

அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய குரல், முதல் தடவையாக இறங்கி வந்தது. மழைக்குள் பாதி கரைந்துபோய்...

"வாங்க... சும்மா உட்கார்ந்திருக்கலாம்."

அவள் குடையை மடக்கினாள். உள்ளே வந்தாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.  இந்த வயதில் இதெல்லாம் என்ன என்று யாராவது கேட்டால் அறைய வேண்டும் போலிருந்தது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரு தடவதான் சொல்லுவேன்," என்றாள். "எனக்கு உங்ககூட எங்கயும் போக வேணாம். உங்ககூட இருக்கணும். அவ்வளவுதான்."

 அந்தக் கனத்த இமைகள் மூடிக்கொண்டன. ஓரத்தில் ஈரம். துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்... அசையாமல்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா! சார் தனியாக் கெளம்பிட்டாராமே? கடைசி நிமிஷத்துல ஓடிப்போய் ஏறியிருப்பீங்கன்னு பார்த்தேன்..."

"ஏறல. வீட்லதான் இருக்கேன்."

"போங்கம்மா, உங்கள மாத்தவே முடியாது... இருங்க, கோப்பைங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சு ஆடுற சத்தம் கேட்குதே? வீட்லன்னா... யார் வீட்ல?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்து, தெரியாது என்பதுபோல் தோளைக் குலுக்கினார்.

"அத நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிச் சொல்றோம்," என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல. நாங்க எங்கயும் போகல."