ஒன்பது இடது ஷூக்கள்

அளவு நாடா ஐந்து மீட்டரை எட்டவில்லை. நான்கு மீட்டர் எண்பத்தொன்றிலேயே சுவரில் முட்டி நின்றுவிட்டது. எலுனெட் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். போன மாதம் அவளே அளந்து அவளே வரைந்தது. அடுப்புச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை ஐந்து மீட்டர் பன்னிரண்டு. இருபது வருடமாகப் பழைய பண்ணை வீடுகளை அளந்து பதிவு செய்கிறவள் அவள். ஒரு விரற்கடை தப்பலாம். ஓர் அடி எப்படித் தப்பும்?

"நான்தான் ஃபோன்ல சொன்னேனே, உங்க படம் தப்புன்னு," என்றார் இத்வல், தேநீரை ஜன்னல் மாடத்தில் வைத்தபடி. "இல்லேன்னா வீடும் என்னை மாதிரி கூன் போடுதோ என்னமோ."

அவள் சிரித்தாள். இத்வலுக்கு அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. மலைச்சரிவில் மேயும் ஆடுகளும் இந்த வீடும்தான் அவருக்கு எல்லாம். மாடுகள் கீழ்ப்பக்கமும் மனிதர்கள் மேல்பக்கமுமாக ஒரே கூரையடியில் படுத்துத் தூங்கிய வீடு, பிறகு தலைமுறைக்கு ஓர் அறையாக நீண்டிருந்தது. அப்படி நீண்ட ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுக் கடைக்குட்டியின் இடது ஷூ ஒன்றை, அடுப்புச் சுவரின் பொந்தில் வைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். மொத்தம் ஒன்பது. போன மாதம் பூச்சைத் தட்டி அவற்றை எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது எலுனெட்தான்.

"திருப்பி வாங்கித் தரட்டுமா?" என்றாள் விளையாட்டாக.

"வெளிய போனது மறுபடி ஒட்டாதுன்னு எங்கம்மா சொல்லுவா. புதுசு வைக்கலாம்னா எனக்குப் புள்ளையா குட்டியா? பழரொட்டி சாப்பிடுங்க, வெண்ணெயில கஞ்சத்தனம் பண்ணலை."

"மூணு மணிக்குக் கிளம்பணும். மூன்றரைக்குப் பெகாவுக்கு ஸ்கூல் விட்டுடும்."

"உங்க பொண்ணா? எத்தனை வயசு?"

"ஏழு."

"லேட்டாச்சுன்னா நான் போய்க் கூட்டிட்டு வரேன். ஸ்கூல் ஆபீஸ்ல இருக்கறது எங்க பெரியப்பா பொண்ணுதான்."

"வேணாம், இதோ முடிச்சுடுவேன்."

ஆடுகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் வெளியே போனார். கதவு சாத்தும்போது தரையில் உரசிக்கொண்டு மூடியது. அடுப்புக்குப் பின்னால் ஓடும் நடைவழியில்தான் அவளுடைய சேறு படிந்த பூட்ஸ், கோட், கோட்டுப் பையில் கைபேசி, எல்லாம் இருந்தன. கற்பலகைத் தரையின் ஈரம் காலுறை வழியாக ஏறியது. கூரையில் மழை ஒரே சீராகப் பெய்ய, கரியும் நனைந்த கம்பளியும் கலந்த அந்த அறையின் வாசனையில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. குழைத்த சுண்ணாம்பின் பச்சை நெடி. அவள் மறுபடி நாடாவை இழுத்தாள்.

நான்கு அறுபது.

நாடாதான் கெட்டுவிட்டது என்று அகலத்தை அளந்தாள். அதுவும் குறைந்திருந்தது. சுவருக்குள் கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன, தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல மெதுவாக, எந்த அவசரமுமில்லாமல். முற்றத்தில் வண்டி கிளம்பும் சத்தம். மணி மூன்று பத்து.

அவள் கதவை உள்பக்கமாக இழுத்தாள். ஒரு சாண் திறந்து, புடைத்து நின்ற சுவரில் இடித்துக்கொண்டது. இடுக்கில் கைதான் நுழைந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னல் மாடத்தில் தேநீர்க் கோப்பை இரண்டு கற்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது விரிசல் விட்டது.

"இத்வல்!"

மழை மட்டும்.

நாடாவில் மூன்று மீட்டர் பத்து. வீடு பின்னாலிருந்து தோளைத் தொட்டது. கூரை உத்தரம் தலைமுடியில் பட்டது. இரண்டு நாற்பது. நாடா கையிலிருந்து நழுவியது. இனி அளக்க வேண்டியதில்லை. கையை நீட்டினாலே இரு சுவரும்.

வண்டி திரும்பி வந்து நின்றது. அடுப்புக்குப் பின்னால், நடைவழியில், காலடிகள். ஒன்று கனமானது. ஒன்று துள்ளி வந்தது.

"அம்மா எங்க?"

"உள்ளதான் அளந்துட்டு இருக்காங்க கண்ணு. நீ முதல்ல ஷூவைக் கழட்டு. வீட்டுக்குள்ள சேறு வரக் கூடாதுல்ல?"

எலுனெட் கத்தினாள். வாய் நிறையச் சுண்ணாம்புத் தூள். சுவர் அந்தச் சத்தத்தைக் குடித்துக்கொண்டது.

"ரெண்டையுமா?"

"ஒன்னு போதும். இடது கால்."

முடங்கி உட்கார்ந்து, கைவிளக்கின் வெளிச்சத்தை அவள் அடுப்புச் சுவரின் பொந்துக்குள் அடித்தாள். பின்பக்கத்துக் கல் ஒன்று விலகியது. ஒரு பெரிய கை, கவனமாக, ஒரு சின்ன ஷூவை உள்ளே வைத்தது. காலையில் அவளே இரட்டை முடிச்சுப் போட்ட மஞ்சள் நாடா. கல் திரும்ப மூடியது. கரண்டி சுண்ணாம்பை வழிக்கும் சத்தம்.

முதுகிலிருந்து சுவர் பெருமூச்சோடு விலகியது. உத்தரம் மேலே ஏறியது. அறை பழையபடி அகன்றது.

நடைவழியில் குழந்தையின் குரல் இல்லை.

முடிச்சு அவிழவேயில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஷூவின் முனை, உள்ளே விரல்கள் இருப்பதுபோல, மெல்ல அசைந்தது.