பேட்டரியை மாட்டியது யார்?

"ஆ...!"

பட்டறையின் தகரக் கூரையே அதிர்ந்தது.

பழைய பஸ்களை உடைத்துப் பிரிக்கும் பட்டறை அது. முப்பது பேரின் வேலை இரைச்சல் ஒரே நொடியில் அடங்கிப்போனது.

பாதி உடைத்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி கிடந்தார். இடது கையை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தார். சட்டை முழுக்க ரத்தம்!

காலடியில் அந்த பேட்டரி ரம்பம். இரும்புக் குழாயை வெண்ணெய் போல அறுத்துத் தள்ளும் ரம்பம்!

மேனேஜர் ஓடி வந்தார்.

"சார்... என்னாச்சு சார்?"

"பிளேடு... பிளேடு மாத்திட்டிருந்தேன்..."

"அப்ப ரம்பம் எப்படி ஓடுச்சு? பேட்டரியைக் கழட்டலையா?"

முப்பது ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. பேட்டரியைக் கழற்றாமல் பிளேடைத் தொடாதே என்று பதினோரு வருடமாக, தொண்டை வறள அவர்களுக்கு வகுப்பெடுத்த மனிதர்!

"கழட்டினேன்! கழட்டி வெச்சிட்டுப் புது பிளேடு எடுக்கப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள... யாரோ மாட்டி வெச்சிருக்காங்க!"

சொல்லிவிட்டு மயங்கிப்போனார்.

மேனேஜர் குனிந்து ரம்பத்தைப் பார்த்தார். யாரோ வேண்டுமென்றே... அப்படியென்றால் இது விபத்து இல்லையே!

போலீஸுக்கு போன் போட்டார்.

*

மறுநாள் காலை. ஆஸ்பத்திரி.

ஆள்காட்டி விரல் போயே போய்விட்டது. நடுவிரலில் ஒன்பது தையல்.

பெண் இன்ஸ்பெக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க மேல யாருக்காவது கோபம்?"

"அப்படி யாரும் இல்ல மேடம்."

"நேத்து காலைல எலெக்ட்ரீஷியனோட சண்டையாமே? உங்க மச்சினனாம். மேனேஜர் சொன்னார்."

கட்டிலருகே நின்ற மனைவி திடுக்கிட்டாள்.

"என் தம்பியா?"

"என்ன சண்டை சார்?"

"சும்மா... வேலை விஷயம்."

"பேட்டரியை மாட்டினது அவரா இருக்குமா?"

இல்லை. ஒரே வார்த்தை. சொன்னால் முடிந்தது!

அவர் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

*

மதியம் மனைவியின் போன் அலறியது. கேட்டாள். முகம் இறுகியது.

"அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். போகட்டும்! இனிமே அவன் எனக்குத் தம்பியே இல்ல. செத்தாலும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

சொல்லிக்கொண்டே அவர் வாயருகே தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவர் டம்ளரை விலக்கினார்.

"அவன் மாட்டல..."

"என்னங்க?"

"யாருமே மாட்டல. நான்... கழட்டவே இல்ல."

டம்ளர் அந்தரத்திலேயே நின்றது.

"நேத்து அவன்தான் வந்து சொன்னான். 'மாமா, பிளேடைப் பிடிக்கிற கிளாம்ப்ல இரும்புத் தூள் அடைச்சிருக்கு. பேட்டரியைக் கழட்டி, பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு எடுங்க'ன்னு. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. 'ஒயர் பிடுங்கற பய, எனக்கே பாடம் எடுக்கிறியா'ன்னு கத்திட்டேன்..."

"அப்புறம்?"

"அதே வீம்புல வேலையை ஆரம்பிச்சேன். தேஞ்ச பிளேடு வெளிய வரல. ட்ரிகர் அமுங்காம பூட்டற லாக்கைக் கூட போடல. ரம்பத்தை இடுப்போட அணைச்சுக்கிட்டு இழுத்தேன்... ட்ரிகர் அமுங்கிடுச்சு."

அவள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உங்க வெக்கத்தை மூட என் தம்பிதான் கிடைச்சானா?"

"முப்பது பேர் பார்த்துட்டு இருந்தாங்க. வாய் தானா பொய் சொல்லிடுச்சு..."

"அது நேத்து! இன்னிக்குக் காலைல இன்ஸ்பெக்டர் கேட்டாங்களே... அப்ப யார் பார்த்துட்டு இருந்தா?"

அவருக்கு உடம்பு முழுக்கக் கூசியது. விரல் போன வலி அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை!

போனை அவர் மடியில் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட நீங்களே பேசுங்க."

பேசினார். ஒன்றுவிடாமல் சொன்னார். மறுமுனையில் இன்ஸ்பெக்டரின் குரல்.

"லேட் சார்... உங்க மச்சினன் குத்தத்தை ஒப்புக்கிட்டார். கையெழுத்தும் போட்டுட்டார்!"

*

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே அந்த எலெக்ட்ரீஷியன். அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் கதவோரம் நின்றான்.

"ஏன்டா..." அதிகாரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "பண்ணாததை ஏன்டா ஒத்துக்கிட்டே?"

"பஸ் ஜன்னல் வழியா நான் பார்த்துட்டு இருந்தேன் மாமா. கத்தறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நீங்க கழட்டினேன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா?"

"அப்புறம் எந்த முகத்தோட நீங்க வகுப்பெடுப்பீங்க? நான்தான் தெரியாம மாட்டிட்டேன்னு சொன்னா, கவனக்குறைவுன்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

அவன் ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. கட்டுப்போட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"முப்பது பேர் முன்னாடி சொல்றேன்டா. நான் கழட்டலைங்கறதையும் சொல்றேன்... உன்னை அப்படிப் பேசினதையும் சொல்றேன்."

மனைவி தம்பியின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடவே இல்லை.

"முடிஞ்சுதா?" இன்ஸ்பெக்டர் தன் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். "ரம்பமும் பேட்டரியும் சேர்ற இடம். இரும்புத் தூள் கோடு போட்ட மாதிரி படிஞ்சிருக்கு. கழட்டி மாட்டியிருந்தா இந்தக் கோடு கலைஞ்சிருக்கும். கலையவே இல்ல!"

"அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"நீங்க போன் பண்றதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி தெரியும். யார் முதல்ல உண்மையைச் சொல்றீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன்."

"என் மேல கேஸ் போடுங்க மேடம்."

"போடாம? பொய்ப் புகாருக்கு மாமா மேல ஒண்ணு... பொய் வாக்குமூலத்துக்கு மச்சினன் மேல ஒண்ணு!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார்.

"மொத்தக் கேஸ்லயும் பொய்யே சொல்லாதது அந்த ரம்பம் ஒண்ணுதான்... அதை மட்டும் நிரபராதின்னு விட்டுடறேன்!"